நாற்பத்து மூன்றாம் பொருள்

நாற்பத்து இரண்டு இருந்தது. நாற்பத்து நான்கும் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய அட்டையைத்தான் காணோம்.

அவர் பெட்டியை மேசைமேல் கவிழ்த்து எண்ணினார். அறுபத்தேழு. எச்சில் தொட்டு மறுபடி எண்ணினார். அறுபத்தாறு. மூன்றாம் முறை எண்ணினால் இன்னும் குறைந்துவிடுமோ என்று பயந்து, எண்ணுவதை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். குனிவது சுலபமாகத்தான் இருந்தது. நிமிர்வதற்கு அட்டெண்டர் வந்து கை கொடுக்க வேண்டியதாயிற்று.

"என்ன சார் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. பேனா மூடி."

"மூடி பேனாமேலயே இருக்கே சார். பேனா உங்க பையில இருக்கே."

"அப்ப கெடைச்சிடுச்சு."

அந்த அட்டை கடைசிவரை கிடைக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கதை முடிகிற இடத்தில் ஏதாவது புத்தகத்துக்குள்ளிருந்து அது பொத்தென்று விழும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அது ஓர் அகராதி அலுவலகம். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் பெரிய அகராதி. அப்போது ஆர், எஸ் என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்த தொகுதி தயாராகிக்கொண்டிருந்தது. உதிரிச் சொற்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள, பெரிய வினைச்சொற்களை மட்டும் மூத்த உதவியாசிரியர்கள் இருவரிடமும் கொடுத்திருந்தார்கள். அவருக்கு வந்து சேர்ந்தது 'ரன்'.

பஸ் நகர ஆரம்பித்துவிட்டால் அதை அன்போடு வழியனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மனிதர் அவர். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில், பரிசு கொடுத்து முடித்த பிறகு கோட்டைத் தொட்டவர். அவரிடம் போய் அந்த வினையைக் கொடுத்தார்கள். அடுத்த மேசைக்காரருக்கு 'ஸ்டேண்ட்'. மூன்று வருஷத்தில் அந்த அலுவலகத்தில் சொந்தப் பெயர்கள் வழக்கொழிந்துபோயின. இவர் ரன் சார். அவர் ஸ்டேண்ட் சார்.

'ஓடு' என்று ஒரே வரியில் எழுதி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் ரன் சார் முதல் நாள் நினைத்தார். ஆனால் அந்த வினை ஒரு இடத்தில் நிற்கவில்லை. மூக்கு ஒழுகினாலும் ரன். குழாயைத் திறந்துவிட்டாலும் ரன். புதுச் சட்டை சாயம் போனாலும், உடம்பு சுட்டாலும், கடை நடத்தினாலும், சர்க்கரை தீர்ந்துபோனாலும், காலுறையில் இழை பிரிந்தாலும், யாரைப் பார்க்கவே கூடாது என்று சந்து மாறிப் போனோமோ அவரையே அந்தச் சந்து முனையில் பார்த்துத் தொலைத்தாலும் ரன். மனிதன் காலைத் தூக்கி ஓடுவது அதன் வேலைகளில் மிகச் சொற்பம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை உதவியாசிரியர் தானாக உண்டாக்கக் கூடாது என்பது விதி. இந்த ஊரில் இருக்கும் ஒருவர், அகராதி என்று ஒன்று இருப்பதையே நினைக்காமல், தன் காரியத்துக்காகச் சொன்னதாகவோ எழுதியதாகவோ இருக்க வேண்டும். யார் சொன்னார், எங்கே, என்றைக்கு என்பது அட்டையின் அடியில் இருக்க வேண்டும். அட்டை இல்லாத பொருள் உலகத்தில் இருக்கலாம், அகராதியில் இருக்காது.

காணாமல் போனது நாற்பத்து மூன்றாம் பொருள்: தேர்தலில் போட்டியிடுதல்.

வேறு சமயமாக இருந்தால் ஒன்று குறைந்தால் குறைகிறது என்று விட்டிருப்பார். அடுத்த திங்கட்கிழமை ஆசிரியர் இருவருடைய பெட்டிகளையும் பார்க்கப் போகிறார். அதற்குப் பிறகு 'டி' தொகுதி. அந்தத் தொகுதிக்கு மூத்தவர் ஒருவர் போதும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒருவர் நாற்காலியில் இருப்பார். மற்றவர் விற்பனைப் பிரிவுக்குப் போய், முடிந்த தொகுதிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்க வேண்டும். ரன் சாருக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கால்களுக்கு அதைவிட அதிகம். தவிர, டி எழுத்தில் வரப்போகும் 'டேக்' என்ற வினைமேல் அவருக்கு ரகசியமாக ஒரு கண் இருந்தது. நடுவில் ஓட்டை விழுந்த பெட்டிக்காரரை நம்பி யாரும் 'டேக்'கைக் கொடுக்க மாட்டார்கள்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களைப் புரட்டினார். கை கறுத்ததுதான் மிச்சம்.

"எலெக்‌ஷன் பக்கமாவே பாக்கறீங்களே சார்?" என்றார் ஸ்டேண்ட் சார், எட்டிப் பார்த்து.

"சும்மா. பொழுது போகல."

"அதுல உங்களுக்கு ஒண்ணும் தேறாது சார். நம்ம ஊர்ல தேர்தல்ல யாரும் ஓடறதில்ல. எல்லாரும் நிக்கறாங்க. எல்லாம் என் பெட்டிக்கு வந்துடுச்சு."

"யாராவது ஒருத்தர் ஓடியிருப்பாங்க சார்."

"ஓடுவாங்க. ஜெயிச்ச அப்புறம் ஓடுவாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஏற்கெனவே அவருடையது என்பது போல ஒரு சாய்மானம் இருந்தது.

அன்று மாலை ரன் சார் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி சமையலறையில் முக்காலிமேல் ஏறி, மின்விசிறியின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்தாள். கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்கப் பத்து விதமான மனிதர்களின் பத்து விதமான ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு வருபவள்.

"அந்த ஸ்க்ரூவை எடுங்க. அது இல்ல, குட்டை. இன்னிக்கு ஒருத்தர் வந்தார்ங்க. கண்ணுல தண்ணி ரன் ஆகுது, கண்ணாடிக்கடை ரன் பண்ற மச்சான் அனுப்பினான், லீவு ரன் அவுட் ஆயிடுச்சு, சீக்கிரம் பாருங்கன்னார். மூணும் ஒரே மூச்சுல."

வேறு நாளாக இருந்தால் அவர் துள்ளிக் குதித்துப் பேனாவைத் தேடியிருப்பார். அன்று முனகலோடு நிறுத்திக்கொண்டார்.

"உங்க ஆஸ்பத்திரியில தேர்தல் கீர்தல் ஏதாவது நடக்குமா?"

"கண் ஆஸ்பத்திரியில என்னங்க தேர்தல்? கடைசி வரி தெரியுதா, தெரியலையா. அவ்வளவுதான்." மின்விசிறியை மூடினாள். அது சத்தமில்லாமல் சுற்றியது. "நம்ம பில்டிங்குலதான் தேர்தல். சங்கத் தலைவருக்கு. லிஃப்டுல ஒட்டியிருக்கே, தெனம் ரெண்டு தடவை மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டுத்தானே போறீங்க?"

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் கீழே இறங்கினார். லிஃப்டில்தான்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தரைத் தளத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முப்பத்திரண்டு வீடுகளில் ஏழெட்டு மொழி பேசுகிறவர்கள் இருந்ததால் அறிவிப்புகளை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், அடிக்கோல் வைத்து எழுதுவார்.

"ஞாயித்துக்கிழமை தேர்தல். ஒரே ஆள்தான் பேர் கொடுத்திருக்கார், ரெண்டாவது மாடி மீசைக்காரர். எதிர்ல ஆளில்லாம என்ன சார் தேர்தல்? வண்டியே வராத லைன்ல பச்சைக் கொடி காட்டற மாதிரி இருக்கு."

"மீசைக்காரர் போட்டி போடறார்ங்கறதை இங்கிலீஷ்ல எப்படி எழுதினீங்க?"

"ஸ்டேண்ட்னு எழுதினேன்."

அந்த வினை வீட்டு வாசல்வரை வந்துவிட்டது.

"இப்பல்லாம் 'ரன்'னு எழுதறாங்களாமே?"

"யாரு?"

"பரவலா."

ஸ்டேஷன் மாஸ்டர் அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தார். "ரன்... நல்லாத்தான் இருக்கு. கேட்டாலே வண்டி எடுத்துட்ட மாதிரி இருக்கு. ஆனா ஒட்டின நோட்டீஸைக் கிழிக்க மாட்டேன். புதுசா ஒருத்தர் பேர் கொடுத்தா அதுல போடறேன்."

மேலே எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

"சும்மா ஒரு பேச்சுக்கு," என்றார் ரன் சார், "என் ஃப்ளாட் நம்பரைப் போட்டு எழுதிப் பாருங்களேன். ரெண்டு நாள் கழிச்சு எடுத்துடலாம்."

ஏழு மணிக்கு லிஃப்டில் நோட்டீஸ் ஏறியது. மூன்று-பி வீட்டுக்காரர் தலைவர் பதவிக்கு 'ரன்' பண்ணுகிறார். ஸ்டேஷன் மாஸ்டர் அந்தச் சொல்லுக்கு மட்டும் இரண்டு அடிக்கோல் போட்டிருந்தார். ரன் சார் லிஃப்டுக்குள்ளேயே நின்று, கதவு மூடித் திறந்து மூடித் திறக்க, அட்டையில் நகல் எடுத்தார். எழுதியவர், இடம், தேதி. நாற்பத்து மூன்று. சொன்னவர் தன் காரியத்துக்காகச் சொன்னாரா என்று மனசாட்சி கேட்டது. அவர் காரியத்துக்குத்தான் என்று அதை அடக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

புதன்கிழமை காலை அட்டை மேசைமேல் ஐந்து நிமிஷம்தான் இருந்தது. ஸ்டேண்ட் சார் கண்ணில் பட்டுவிட்டது.

"மூணு-பி யாரு சார்?"

"ஒருத்தர்."

"உங்க லெட்டர்ல எல்லாம் மூணு-பின்னுதானே விலாசம் போடுவீங்க?"

பத்தாவது நிமிஷம் இருவரும் ஆசிரியர் அறையில் இருந்தார்கள். ஆசிரியர் ஒல்லியான மனிதர். பூதக்கண்ணாடி இல்லாமல் சாப்பாட்டைக்கூடப் பார்க்க மாட்டார் என்று பேச்சு. அட்டையை அதன்வழியாக ஒருமுறையும், ரன் சாரை அதன்வழியாக ஒருமுறையும் பார்த்தார்.

"உதாரணத்துக்காக ஆளை உண்டாக்கியிருக்கார் ஐயா," என்றார் ஸ்டேண்ட் சார். "உதாரணமே அவர்தான்."

"எழுதினது செயலாளர். அவர் கை. அவர் நோட்டீஸ். அதுல தப்பில்ல." ஆசிரியர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஆனா வாக்கியம் உண்மையா இருக்கணும். நீங்க நிஜமாவே போட்டி போடறீங்களா?"

சட்டைப் பையில், நாளைக்குக் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த விலகல் கடிதம் சூடாக இருந்தது.

"போடறேன் ஐயா."

"நடுவுல விலகிட்டா இந்த வாக்கியம் பொய். பொய்யை நான் அச்சுல போட மாட்டேன். தேர்தல் முடியட்டும். திங்கட்கிழமை முடிவையும் அட்டையில எழுதிக் கொண்டாங்க."

"ஜெயிக்கணுமா ஐயா?"

"அது வேற வினை," என்றார் ஆசிரியர்.

வாசலுக்கு வந்து ரன் சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். விலகக் கூடாது. விலகினால் அட்டை போச்சு, நாற்காலி போச்சு. ஜெயிக்கவும் கூடாது. முந்தைய தலைவர் ஒரே வருஷத்தில் தலைமுடியைப் பறிகொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் விடிகாலையில் வீடு மாறிப் போனவர். ஆக, உண்மையாகப் போட்டியிட்டு உண்மையாகத் தோற்க வேண்டும். தோற்பதில் தனக்கு இருக்கும் அனுபவத்தை நினைத்தபோது அவருக்குத் தைரியம் வந்தது.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததுமே கேட்டாள். "தேர்தல்ல நிக்கறீங்களாமே?"

"நிக்கறது பக்கத்து மேசைக்காரர். நான் ஓடறேன்."

"எதுல வேணா போங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? லிஃப்டுல எட்டு பேர் கை குடுக்கறாங்க, எனக்கு எதுக்குன்னே தெரியல."

"ஒரு கார்டுக்காக..."

"கார்டுக்காகவா, நாற்காலிக்காகவா?"

அவர் செருப்பின் வாரை மிகக் கவனமாக அவிழ்த்தார்.

"ஸ்டேண்ட் சார் சம்சாரம் போன மாசம் கண்ணு டெஸ்ட் பண்ண வந்தாங்க," என்றாள் அவள். "அவங்களும் பயந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் இருந்தவரை அவரால் எந்த ரகசியத்தையும் முழுசாக ஒரு மாதம் வைத்திருக்க முடிந்ததில்லை. பிற்பாடு முடிந்தது. யாரிடமிருந்து மறைக்கிறோம் என்றுதான் தெரியவில்லை.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சாயங்காலம் ரன் சார் வீடு வீடாகப் போய் மீசைக்காரருக்கு ஓட்டுக் கேட்டார். கேட்பதோடு நிற்கவில்லை. தன்னைப் பற்றிய உண்மைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவ்வளவு சரக்கு கைவசம் இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"போன வருஷம் தண்ணி மோட்டார் எரிஞ்சுதே டீச்சர், ஸ்விட்சை அணைக்க மறந்தது நான்தான்," என்றார் முதல் மாடி டியூஷன் டீச்சரிடம்.

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "அட! ஆனா ரெண்டே நாள்ல புது மோட்டார் வந்துடுச்சே?"

"அது என் வீட்டுக்காரி. கம்பெனிக்குப் போன் போட்டா. என்ன பேசினாளோ, மேனேஜரே வந்து மாட்டிட்டு, தண்ணி வருதான்னு மேல ஏறிப் பாத்துட்டுப் போனார்."

"ஓஹோ," என்றார் டீச்சர். எதையோ குறித்துக்கொண்டார்.

நாலாவது மாடி பல் டாக்டரிடம் இன்னும் ஆழமாகத் தோண்டினார். "ரெண்டு பேர் சத்தமாப் பேசினாலே நான் பாத்ரூமுக்குள்ள போயிடுவேன் டாக்டர். சண்டை முடிஞ்ச அப்புறம்தான் வெளியில வருவேன். தலைவர் அப்படி இருக்கலாமா?"

"கார் நிறுத்தற கோட்டுக்காக ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சாங்களே, அன்னிக்கு?"

"உள்ள இருந்தேன்."

"அப்ப அதை யார் தீத்து வச்சது?"

"அவதான். ரெண்டு பேரையும் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டா. ஒருத்தருக்கு நிஜமாவே கோடு தெரியல. கண்ணாடி போட்டதும் சண்டை போயிடுச்சு."

பல் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய பற்கள் ரொம்ப ஒழுங்காக இருந்தன. "சார், இந்த மாதிரி மனசுவிட்டுப் பேசற வேட்பாளரை நான் பாத்ததே இல்ல."

"ஐயோ, அப்படி நினைக்காதீங்க. எனக்கு பல்பு மாட்டத் தெரியாது. எந்தப் பக்கம் திருகணும்னு ஒவ்வொரு தடவையும் அவளைத்தான் கேப்பேன்."

"சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டா. வாங்கி மாட்டிடுவா."

இப்படியே முப்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அவர் தன்னை ஒரு படி இறக்கினார். ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்தும்போது முகங்கள் ஒரு படி மலர்ந்தன. ரன் சார் பயந்துபோனார். நேர்மைக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை கடைசியாக மீசைக்காரர் வீட்டுக்கே போனார்.

"என் ஓட்டு உங்களுக்குத்தான் சார். சத்தியமா."

மீசைக்காரர் கண் கலங்கினார். மூலைக்கு மூலை கேமரா வைப்பேன், ராத்திரி ஒன்பதுக்குமேல் யாரும் மிக்ஸி போடக் கூடாது என்றெல்லாம் கறாராகப் பேசுபவர், அன்று குரல் கம்மி, "உங்க வீட்டுல இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கா. எதுக்கு?"

"சும்மா. கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கார்கள் நிறுத்துமிடத்தில் வாக்குப்பதிவு. வீட்டுக்கு ஓர் ஓட்டு. பெட்டிக்குப் பதிலாக ஒரு பழைய பிரஷர் குக்கர் அட்டைப் பெட்டி. மூன்று-பி வீட்டின் ஓட்டை யார் போடுவது என்று வந்தபோது, "உங்க தேர்தல், நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் எரியாத குழல்விளக்கின் கீழே போய் நின்று, மேலே பார்த்து, ஸ்டார்ட்டரை இரண்டு தட்டுத் தட்டினாள். எரிந்தது. ஒரு சலசலப்பு ஏற்பட்டது. ரன் சார் மனசாட்சிப்படி மீசைக்காரருக்குப் போட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் எண்ணி முடித்து, ரயில் வரும் நேரத்தை அறிவிக்கிற குரலில் சொன்னார்: "மூணு-பி, முப்பத்தொண்ணு. மீசைக்காரர், ஒண்ணு."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரன் சாருக்கு அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, மீசைக்காரர் யாருக்குப் போட்டார் என்பதும் உறைத்தது.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"எங்க வீட்டுல கண்டிஷனாச் சொல்லிட்டாங்க சார்," என்றார் மீசைக்காரர், தரையைப் பார்த்து.

எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். முதலில் அவளை, பிறகு அவரை. பெண்களை முதலில் வாழ்த்துவது நாகரிகம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். லிஃப்டில் ஏறுவதற்குள் மூன்று புகார்கள் வந்தன. மூன்றையும் சொன்னவர்கள் அவளைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் உயரமாக இருந்ததால் அவர்களுக்குக் கழுத்து வலிக்கும், அதனால்தான்.

திங்கட்கிழமை காலை நாற்பத்து மூன்றாம் அட்டையில் முடிவையும் எழுதி, பெட்டியை மூடி, ஆசிரியர் மேசையில் வைத்தார். பக்கத்தில் ஸ்டேண்ட் சாரின் பெட்டி. எழுபத்து நான்கு அட்டைகள். ஓரம் மடங்கவில்லை, கறை படியவில்லை. எல்லாம் செய்தித்தாள்களிலிருந்து எடுத்தவை, எல்லாம் ஒரே மையில். ரன் சாரின் பெட்டியில் பாதி அட்டைகளில் எண்ணெய்க் கறை. இரண்டில் மஞ்சள் பொடி.

அறைக் கதவு பத்தரைக்கு மூடியது. அட்டெண்டர் மட்டும் இரண்டு தரம் தேநீரோடு உள்ளே போய்வந்தார். நாலு மணிவரை வெளியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல எல்லாம் இப்ப லிஃப்ட் இருக்குமா சார்?" என்று கேட்டார் ரன் சார்.

"சிலதுல இருக்கும்," என்றார் ஸ்டேண்ட் சார். முதல்முறையாக அவர் குரலில் சாய்மானம் இல்லை. "எங்க வீட்டுல ஒரு வாரமா யாரும் சரியாச் சாப்பிடல சார்."

"எங்க வீட்டுல நான் சாப்பிடல. அவ சாப்பிட்டா."

கதவு திறந்தது. ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து, முன்னுரை இல்லாமல் சொன்னார்.

"டி தொகுதி ரன் சாருக்கு. 'டேக்'கிலேர்ந்து ஆரம்பிங்க."

ஸ்டேண்ட் சார் மெதுவாக எழுந்தார். எழுந்த பிறகு எதற்காக எழுந்தோம் என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு கையை நீட்டினார். "நல்லது சார். இத்தனை நாள் நின்னாச்சு. இனி நடந்து பாக்கறேன்."

ரன் சார் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதே சமயம், உள்ளே எங்கோ ஒரு மயில் தோகையைப் பிரிக்கத் தொடங்கியதையும் மறைப்பதற்கில்லை. மூன்று வருஷத்து உழைப்பு. விட்டுக்கொடுக்காத பிடிவாதம். ஒரே ஒரு அட்டைக்காகத் தேர்தல் வரைக்கும் போன நெஞ்சுரம். இதையெல்லாம் ஒரு பூதக்கண்ணாடி கண்டுபிடித்துவிட்டது. வீட்டில் இதை எப்படி அடக்கமாகச் சொல்வது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எதுவும் போதுமான அளவு அடக்கமாக வரவில்லை.

கைகழுவும் இடத்தில் அட்டெண்டர் கோப்பைகளை அலம்பிக்கொண்டிருந்தார். ரன் சார் அங்கே போய், தண்ணீர் குடிக்க வந்தவர் போல நின்றார்.

"நீங்கதானே உள்ள டீ கொண்டுபோனீங்க?"

"ஆமா சார்."

"ஐயா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? எதைப் பாத்து முடிவு பண்ணினார்? சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"வேணாம் சார். விடுங்க."

"பரவால்ல, சொல்லுங்க. புகழ்ச்சியெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணாது."

அட்டெண்டர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்தார்.

"அறுபத்தெட்டு கார்டுல அம்பத்தொண்ணு உங்க வீட்டம்மா வாயில வந்ததாம் சார், ஐயா ஒண்ணு விடாம எண்ணினார். எண்ணிட்டு, 'வேலைக்காரர்னா ஸ்டேண்ட்தான், சந்தேகமே இல்ல. ஆனா இவரை அனுப்பிட்டா அந்தம்மாவை நாம எங்க போய்த் தேடறது?'ன்னார்."